தெற்குத் தெருவுக்குத் தேர் போகாது என்று சொன்னவன் நான்

அவைத்தலைமை ஏற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே! முன்வரிசை நாற்காலிகளை நிறைத்திருக்கும் வடக்குத் தெருப் பெரியோர்களே! அந்த நாற்காலிகளுக்கெல்லாம் பின்னால் தார்ப்பாயில் அமர்ந்திருக்கும் தெற்குத் தெருத் தாய்மார்களே! மரியே வாழ்க!

திருவிழாவின் எட்டாம் நாளான இன்று, ‘உண்மை உரைக்கும் துணிவு’ என்று தலைப்புத் தந்து, இருபது ஆண்டுக்காலப் பங்குப் பேரவைச் செயலாளன் என்னை மேடையேற்றியிருக்கிறீர்கள். சிங்கத்தின் முன்னால் சிரித்துக்கொண்டே நின்ற வேதசாட்சிகளைப் பற்றிப் பேசினால் கைதட்டுவீர்கள். ஆண்டுதோறும் பேசினேன், ஆண்டுதோறும் தட்டினீர்கள். நம் பேரவையில் சிங்கமா உட்கார்ந்திருக்கிறது? என் மைத்துனர்கள் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் அஞ்சினேன்!

சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறாரே தெற்குத் தெரு மதலைமேரி, அவர் சென்ற தவக்காலத்தில் கலெக்டரிடம் ஒரு மனுக் கொடுத்தார். என்ன கேட்டார்? பொன் கேட்டாரா, பொருள் கேட்டாரா? மாதாவின் தேர் தெற்குத் தெருவுக்கும் வர வேண்டும் என்று கேட்டார். விசாரணைக்குப் பெரம்பலூருக்கு அழைத்தார்கள். பஸ்ஸில் நானும் அவரும் ஒன்றாகத்தான் போனோம்.

“உங்க ஆளுங்கள்ல சாதி பார்ப்பீங்களா?” என்று அதிகாரி கேட்டார்.

“நாங்க கிறிஸ்தவங்க சார். அதெல்லாம் எங்ககிட்ட கெடையாதுங்க. கரண்ட் கம்பி தாழ்வா போவுது, தேரு போவாது, அவ்வளவுதான்” என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். மனு முடிந்தது. மதலைமேரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன மாதம் அதே தெருவுக்குள் போர்வெல் போடும் லாரி போனது. தேரைவிட உயரமான லாரி! கம்பியில் உரசாமல் போய், உரசாமல் திரும்பியது. அப்போது அவர் என்னிடம் கேட்டார்: “அண்ணே, லாரி வந்துட்டுப் போயிடுச்சு. மாதா எப்பண்ணே வருவாங்க?”

என்ன தம்பி? “செயலாளர் உட்காருங்க” என்றா கத்துகிறாய்? உட்காருகிறேன், ராசா. இருபது ஆண்டாக உட்கார்ந்துதானே இருந்தேன்!

இன்னும் கேளுங்கள். விசாரணைக்கு முதல் நாளே நான் அந்தக் கம்பியை அளந்தேன். தேர் பதினாலடி; கம்பி இருபதடி. அறியாமல் சொன்ன பொய்யா அது? அளந்து சொன்ன பொய்! பொய் சொன்ன இதே நாக்கில்தான் மறுநாள் நற்கருணை வாங்கினேன். வெட்கமாக இருக்கிறது. வேதனையாக இருக்கிறது. உங்களுக்கு இல்லையா?

இன்று காலை பெரம்பலூருக்குப் போய், ‘நான் சொன்னது பொய்’ என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன். அதோ, மூத்த மைத்துனர் எழுந்துவிட்டார். போங்கள் மச்சான், வழி விடுகிறார்கள்.

நாளை வடம் பிடிக்க முதலில் என் பெயரைத்தான் அழைப்பீர்கள். வரமாட்டேன். மதலைமேரி வீட்டு வாசலில் நிற்பேன். தேர் அங்கே வந்தால் வடம் பிடிப்பேன். வராமல் திரும்பினால், நாம் இழுத்துப் போவது மாதாவை அல்ல, வெறும் மரத்தை!

இதுவரை மைக்கை நிறுத்தாமல் இருந்தவருக்கு நன்றி. தெற்குத் தெருவிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மற்றவர்களுக்கு, வணக்கம்.