சங்குமுனை மண்

விளக்கைத் தூண்டாத, மாரிமுத்து. இது இருட்டுல கேக்க வேண்டியது. எல்லாரும் கிட்ட வாங்க.

ராத்திரி பதினொரு மணி. மாத்தளையில இருந்து இரத்தோட்டைக்கு ஏறுற ரோடு... கடைசி பஸ் போயாச்சு. ரோட்டுல ஒரு நாய் கூட இல்ல. ரெண்டு பேர் மட்டும் நடந்து வர்றாங்க. நம்ம ஆபீஸ் சரோஜினிதேவி மிஸ் இருக்காங்களே, அவங்க மாமா ஜெயரட்ணம். கூட அவரோட அம்மா, மீனாம்பிகை. மகன் தலையில ஒரு ஓலைப் பெட்டி. உள்ளுக்குச் சோறு, கணவாய்க் கறி, பொரிச்ச மீன்... இன்னும் சூடு ஆறல.

சாப்பிடப் போறது ஜெயரட்ணத்தோட தம்பி மூர்த்தி. அவன் செத்துப் பன்னிரண்டு வருஷம்.

யாழ்ப்பாணத்து ஆளுங்க. ஜெயரட்ணம் இங்க கச்சேரியில, அரசாங்க ஆபீஸ்ல, கிளாக். தம்பிக்கு மீன்பிடி ஆபீஸ்ல, அவங்க சொல்ற கந்தோர்ல வேலை, சங்குமுனையில. கடலுக்கும், களப்புன்னு சொல்ற உப்பங்கழிக்கும் நடுவுல நீட்டிக்கிட்டுப் போற வெறும் மணல் அது. ஆனா அங்க துப்பாக்கியோட ஒருத்தன் நின்னா, களப்புக்குள்ள போற தோணி ஒண்ணு தப்பாது. விடுவாங்களா? போர்த்துக்கீசப் பறங்கி வந்து கோட்டை கட்டினான். ஒல்லாந்தன் அவனை வெட்டிப் போட்டுட்டு அதுமேல கட்டினான். அப்புறம் வெள்ளைக்காரன். அப்புறம் நேவி. செத்தவங்களை எல்லாம் அந்த மணல்லயே புதைச்சாங்க, வேற எங்க புதைக்கிறது? தொண்ணூறாம் ஆண்டு ஒரு விடியக்காலை வெடிச் சத்தம். யாரு யாரைச் சுட்டாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் சொல்லல. மூர்த்தி வரல. உடம்பும் வரல.

ஜெயரட்ணத்துக்கு அழுகையே வரலயாம். காலையில எழும்புவாரு, சட்டை போடுவாரு, கச்சேரிக்குப் போவாரு. பல்லுப் புடுங்க ஊசி போட்டா கன்னம் எப்படி இருக்கும், உள்ளுக்கு அப்படியே இருந்துச்சாம். அம்மாவுக்கு மட்டும் ஒரே ஆசை. அந்தப் பிள்ளை ஒரு வேளையாவது தன் கையால சாப்பிடணும்.

ரெண்டாயிரத்து ரெண்டு. போர் நிறுத்தம். பாதை திறந்த உடனே ஜெயரட்ணம் புறப்பட்டாரு. உடம்பு இல்லாட்டி, செத்த இடத்து மண்ணை வச்சாவது கிரியை செய்யலாம்னு ஐயர் சொல்லியிருந்தாரு. அங்க றஹீம்னு ஒரு தோணிக்காரர். கந்தோர் எங்க இருந்துச்சுன்னு கேட்டா, கடலைக் காட்டுறாரு. அடிப்பக்கத்தை அலை அரிச்சு, அந்த மணலைக் கொண்டு போய் நுனியில போடுதாம். கோட்டையும் போச்சு, கந்தோரும் போச்சு.

"இருந்ததெல்லாம் இப்ப நுனியிலதான் கெடக்கு, சேர்." சொல்லிட்டு றஹீம் கூட வராம தோணியிலயே உக்காந்துட்டாரு.

ஜெயரட்ணம் நுனி வரைக்கும் நடந்து, ஒரு பிடி அள்ளி, துணியில முடிஞ்சுக்கிட்டு வந்துட்டாரு. வேற என்ன செய்வாரு மனுஷன்?

மண்ணு வீட்டுக்கு வந்த அன்னைக்கே வாசம்... மிளகும் கராம்பும் காயிற ஊர்ல, கடல்பாசி வாசம். சுவத்துல கை வச்சா பிசுபிசுன்னு உப்பு. ராத்திரியானா ஈர மணலை மிதிக்கிற சத்தம்... சரக்... சரக்... ஒரு ஆளு நடந்தா அவ்வளவு சத்தம் வராது. கிரியை முடிச்சு மண்ணை இங்க ஓடுற சுது கங்கை ஆத்துல கரைச்சாங்க. சத்தம் நிக்கல.

எட்டாம் நாளுக்கு அவங்ககிட்ட ஒரு வழக்கம் இருக்கு. எட்டுச் செலவும்பாங்க. செத்தவருக்குப் பிடிச்சதைச் சமைச்சுப் படைச்சு, ராத்திரி சந்தியில கொண்டு போய் வைக்கணும். வச்சுட்டு வரும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது. பொம்பளைங்க போற வழக்கமும் இல்ல. மீனாம்பிகை அம்மாகிட்ட யாரு அதைச் சொல்றது?

சந்தி வந்துச்சு. பெட்டியை வச்சாங்க. திரும்பி நடந்தாங்க.

பின்னால... ஓலை விலகுற சத்தம். அப்புறம் மெல்லுற சத்தம்.

அம்மா நின்னுட்டாங்க. வந்துட்டான்... சாப்பிடுறான்... பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு அன்னைக்குத்தான் ஜெயரட்ணத்துக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுச்சாம். அடுத்தது ஒரு இருமல். தம்பியோட இருமல் அவருக்குத் தெரியாதா? இது வேற யாரோ. இரும்போட இரும்பு உரசுது. முணுமுணுன்னு பேச்சு... எந்த நாட்டுப் பாஷையோ.

"அம்மா, திரும்பாதேங்கோ."

திரும்பிட்டாங்க.

மகன் திரும்பல. முன்னால இருக்கிற தார் ரோட்டைப் பார்த்தபடியே நிக்கிறாரு. அம்மா அவரு காதுகிட்ட, கடைக்குப் போற பிள்ளைக்குச் சாமான் சொல்ற மாதிரி சொல்றாங்க.

"வரிசையிலை நிக்கினம், ஜெயம். இரும்புத் தொப்பி போட்டவர் சாப்பிடுறார். அவருக்குப் பின்னாலை நீலக் கோட்டுக்காரர். சின்னப் பெடியளும் நிக்குதுகள். அந்த வளைவு வரைக்கும் நிக்கினம்."

அப்புறம் ஒவ்வொரு முகமாத் தேடுறாங்க. ரொம்ப நேரம்... கடைசியில பெட்டியோட அடியைச் சுரண்டுற சத்தம். சோறு முடிஞ்சு போச்சு.

அப்பத்தான்... வளைவுக்கு அந்தப் பக்கத்துல இருந்து...

"அம்மா... எனக்கு முன்னாலை இன்னும் ஆக்கள் நிக்கினம்."

மூர்த்தி குரல். கூப்பன் கடை வரிசையில நிக்கிறவன் சொல்ற மாதிரி, சாதாரணமா.

மீனாம்பிகை அம்மா முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டாங்க. "சரி ராசா, நில்லு. நாளைக்கும் கொண்டு வாறன்."

கொண்டு போனாங்க. அடுத்த நாளும் போனாங்க. இன்னைக்கும் போயிருப்பாங்க. பானை பெரிசாகிட்டே வருது. விடிஞ்சு பார்த்தா பெட்டி கழுவி வச்ச மாதிரி வெறுமையா இருக்குமாம். அம்மா கூப்பிட்டா மூர்த்தி தினமும் பதில் சொல்றானாம்... ஆனா அந்தக் குரல், ஒவ்வொரு ராத்திரியும் முந்தின ராத்திரியை விடக் கொஞ்சம் தூரத்துல இருந்து கேக்குதாம்.