பாதியில் நிற்கும் பதினான்கு பேர்

மேடையில் இருக்கும் முதல்வர் அவர்களே, மறைந்த ஆசிரியையின் கணவர் அவர்களே, மகளே, அழுது கண் சிவந்திருக்கும் மாணவச் செல்வங்களே! போஸ்டர் வகுப்பு எடுக்கும் எனக்குப் புகழத் தெரியாது, திட்டத்தான் தெரியும். எழுத்தையும் படத்தையும் திரையில் நகரவைக்கும் மோஷன் பாடம் எடுத்ததால் நாம் எல்லோரும் 'மோஷன் மேடம்' என்று அழைத்த அந்த அம்மையாரையும் பத்து வருடம் திட்டியிருக்கிறேன். இன்றும் கோபத்தோடுதான் நிற்கிறேன். அவருடைய வகுப்பு ரத்து என்று நேற்று அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள்.

அவரை ஏன் திட்டினேன்? அளந்து பார்த்து நிறுத்து என்று நான் சொல்லித்தந்த எழுத்தை அவர் திரையில் ஓடவிட்டார்! அதிலும் முதல் மூன்று வாரம் மாணவர்களைக் கணினியைத் தொட விடமாட்டார். அட்டையில் வெட்டிய வட்டத்தைக் கையால் இம்மி இம்மியாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வையும் செல்போனில் படமெடுக்க வேண்டும். "மேடம், கை வலிக்குது" என்பார்கள். "வலிக்கட்டும்ப்பா. அட்டைக்கும் கனம் இருக்குன்னு அப்பத்தான் தெரியும்" என்பார்.

அவருடைய தேர்வுக்கு நடுவர் யார் தெரியுமா? நம் வாசல் காவலர்! எழுத்து திரையை விட்டுப் போவதற்குள் அவர் வாய்விட்டுப் படித்து முடிக்க வேண்டும். செய்தவனுக்கு வாசகம் மனப்பாடம், அதனால் எழுத்தை அவசரமாக விரட்டிவிடுவான். மாணவர்கள் மட்டுமா இந்தத் தவறைச் செய்தார்கள்? கண்காட்சிக்கு நானும் ஓடும் எழுத்தில் ஓர் அழைப்பு செய்து, மீசையை முறுக்கிக்கொண்டு போட்டுக் காட்டினேன். "அனைவரும் வருக, உங்கள்..." என்று காவலர் தொடங்கினார். எழுத்து மாயமாகிவிட்டது. "என்ன சார், வாங்கன்னு சொல்லிட்டு கதவைச் சாத்திட்டீங்களே!" என்றார் மேடம். வகுப்பே சிரித்தது. நான்கு நாள் அவரோடு நான் பேசவில்லை. ஐந்தாம் நாள் திருத்திக்கொண்டு போய் நின்றேன்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். மூச்சு வாங்கியது. அப்போதும் தன்னைப் பற்றியா பேசினார்? "கடைசி வருஷப் பிள்ளைங்க பதினாலு பேர் பாதியில நிக்கிறாங்க சார். யாரு பாத்துக்குவாங்க?" என்றார். நான் ஒரு கோழை. "முதல்ல உடம்பப் பாருங்கம்மா" என்று பேச்சை மாற்றிவிட்டு வந்துவிட்டேன். அதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

முதல்வர் அவர்களே! எனக்கு மோஷன் சொல்லித்தரத் தெரியாது. பிள்ளைகளுக்குப் பாதி தெரியும். மீதி மேடத்தின் குறிப்பேட்டில் இருக்கிறது, அவர் மகள் கொடுத்துவிட்டாள். அறிவிப்பைக் கிழிக்க உங்களுக்கு மனமில்லை என்றால் நானே கிழிக்கிறேன். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அந்த அறை திறந்திருக்கும்.

அம்மா, அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நான் பாத்துக்குறேன்.