லாரியிலிருந்து இறங்கியவன்

— இவன் இல்ல வக்கீலம்மா.

— மெதுவாப் பேசுங்க அருள்மேரியக்கா. கோர்ட்டு வராண்டா இது.

— மெதுவாத்தான் சொல்றேன். அந்தத் தூணுகிட்ட நிக்கிறான் பாருங்க, வெள்ளச் சட்ட, தாடி. அவன்தான் லாரி டிரைவர்னு இப்பக் காட்டுனீங்க இல்ல? இவன் இல்லவே இல்ல.

— அவர் பேரு மன்சூர். தேன்கனிக்கோட்டைக்காரர். எஃப்.ஐ.ஆர்.ல அவர் பேருதான் இருக்கு. 'நான்தான் ஓட்டினேன்'னு அவரே ஸ்டேஷனுக்குப் போய் சரண்டர் ஆயிருக்கார்.

— ஆவட்டும். எங்க பைக்க இடிச்ச கல்லு லாரில இருந்து எறங்குனது இவன் இல்ல. அவன் ஒல்லி. மீசகூட சரியா மொளைக்காத மொகம். அவன் மடிலதான எங்க வீட்டுக்காரரு தல இருந்துச்சு? அந்த மொகத்த நான் மறப்பனா, இல்ல கேக்குறேன்?

— இத ஏன்க்கா முன்னாடியே சொல்லல?

— நீங்க எப்பம்மா எனக்கு டிரைவரக் காட்டுனீங்க? இன்னிக்கித்தான பாக்குறேன்.

— ஆஸ்பத்திரிக்குப் போலீஸ் வந்து உங்ககிட்ட வாக்குமூலம் வாங்கினாங்களே, அப்ப?

— கையில பிளேட்டு வெச்சு மயக்கத்துல கெடந்தேன். 'மத்திகிரி எறக்கத்துல லாரி பின்னால வந்து இடிச்சுதா'ன்னு கேட்டாரு. ஆமான்னேன். அதுக்கு மேல அவரும் கேக்கல, எனக்கும் நாக்கு எழும்பல.

— ம்.

— என்னம்மா ம்ங்கிறீங்க? நான் உள்ள போயி இவன் இல்லன்னு சொல்லிடறேன். நெசமா ஓட்டுனவனப் புடிக்கட்டும்.

— அக்கா, கொஞ்சம் இப்படி வாங்க. இந்த ஜன்னல் பக்கம். பாருங்க, ஓட்டினவனைப் புடிக்கறது போலீஸ் கேஸு. அது தனியா நடக்குது. இன்னைக்கி இங்க நாம கேக்கறது நஷ்ட ஈடு. அதக் குடுக்கப் போறது டிரைவர் இல்ல. லாரி ஓனரும் இல்ல. இன்ஷூரன்ஸ் கம்பெனி.

— அது நீங்க மொதல்லயே சொன்னதுதான்.

— இன்னைக்கி உங்களைக் கூண்டுல நிக்க வெச்சுக் கேள்வி கேக்கப் போறதும் அவங்க வக்கீல்தான். அவருக்கு ஏற்கெனவே ஒரு சந்தேகம். ஓட்டினவனுக்கு லைசென்ஸ் இல்ல, ஆள மாத்திட்டாங்கன்னு. அதுக்குத்தான் மன்சூருக்கும் சம்மன் போட்டு வரவெச்சிருக்கார். அவரைக் காட்டி 'இவர்தானா'ன்னு உங்களைக் கேப்பார். நீங்க இல்லன்னு சொல்லிட்டா, அவருக்கு வேண்டியது கெடச்சாச்சு.

— அவருக்கு என்ன வேணும்?

— லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டின வண்டிக்கு நாங்க பொறுப்பு இல்லன்னு சொல்லி வெளிய போயிடணும்.

— அது என்னம்மா நாயம்? லைசென்ஸ் இல்லாதவன் இடிச்சா முதுகு ஒடையாதா?

— கோர்ட்டு அவ்வளவு லேசா விடாது. 'மொதல்ல நீ கட்டு, அப்புறம் ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கோ'ன்னு உத்தரவு போட வழி இருக்கு. அதுக்கு நான் நின்னு வாதாடுவேன். ஆனா கம்பெனிக்காரங்க மேல்கோர்ட்டுக்குப் போவாங்க. தடை வாங்குவாங்க. வருஷக்கணக்கா இழுக்கும்.

— ஓனரு? அவரு மேலயுந்தான கேஸு போட்டிருக்கோம்?

— போட்டிருக்கோம். நோட்டீஸ் வாங்கினதோட சரி, இதுவரைக்கும் கோர்ட்டுப் பக்கம் வரல. அவர் பேர்ல இருக்கறது அந்தப் பழைய லாரி ஒண்ணுதான். மத்ததெல்லாம் சம்சாரம் பேரு, மச்சான் பேரு.

— வருசக்கணக்கா இழுத்தா எங்க வீட்டுக்காரரு இருக்கணுமேம்மா. இடுப்புக்குக் கீழ தொட்டாத் தெரியல. படுத்துப் படுத்து முதுகுல புண்ணு. எலும்பு தெரியுது. பெங்களூரு ஆஸ்பத்திரில அறுத்து மூடணுங்கிறாங்க. சிப்காட்ல மெசினக் கழட்டிப் பூட்டுன மனுசன், தானாத் திரும்பிப் படுக்க முடியல. எங்க பொண்ணு பெனிஷா காலேஜ நிறுத்திட்டு அப்பாவத் திருப்பிப் போட்டுக்கிட்டு இருக்குது. நர்சிங் படிக்கப் போன புள்ள, ஊட்லயே நர்ஸ் ஆயிருச்சு.

— தெரியும்க்கா. தெரிஞ்சதனாலதான் இவ்வளவும் சொல்றேன்.

— அப்ப என்ன சொல்றீங்க? பொய் சொல்லச் சொல்றீங்களா?

— நான் ஒண்ணும் சொல்லல. வக்கீல் அப்படிச் சொல்லக் கூடாது.

— இல்ல கேக்குறேன், நெசத்தச் சொன்னா எங்களுக்கு ஒண்ணும் இல்ல. பொய் சொன்னா உண்டு. இதுதான?

— நீங்க இப்ப என்கிட்ட சொன்னது எதுவும் என் காதுல விழல. அவ்வளவுதான் என்னால செய்ய முடியும். நம்ம கேஸ எப்பக் கூப்பிடறாங்கன்னு பாத்துட்டு வரேன். நீங்க அந்த பெஞ்சுல உக்காருங்க. தண்ணி குடிங்க.

— சேசுவே…

— அக்கா.

— கிட்ட வராத.

— வரலக்கா. இங்கயே நிக்கிறேன். நான் மன்சூரு. டிரைவரு.

— நீ டிரைவராவே இருந்துக்க. அன்னிக்கி ஓட்டுனது நீ இல்ல.

— மெதுவாக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும். நீங்க என்னப் பாத்த பார்வைலயே தெரிஞ்சுபோச்சு. அந்த வக்கீலம்மாகிட்ட நீங்க கையக் காட்டிப் பேசறதையும் பாத்தேன்.

— யாரு அவன்?

— என் தம்பி. ஜமீரு. என்கூட கிளீனரா வந்துட்டிருந்தான்.

— லைசென்ஸ் இருக்குதா?

— கார் ஓட்ட இருக்குதுங்க. கல்லு லாரிக்கு இல்ல.

— அப்ப நீ எங்க போயிருந்த?

— எங்கயும் போவல. உள்ளதான் இருந்தேன். சீட்டுக்குப் பின்னால பலகைல படுத்துத் தூங்கிட்டிருந்தேன். சத்தியமாக்கா, ரெண்டு நாளாக் கண்ணு மூடல. சென்னை ஆர்பருக்குக் கிரானைட்டுக் கல்லு கொண்டுபோயி எறக்கிட்டு, வந்து காலக்கூட கழுவல, அடுத்த லோடு ஏத்தி நிக்குதுன்னாரு ஓனரு. கண்ணு சொருகுதுங்க ஓனரேன்னேன். 'தம்பிகிட்டக் குடுடா, நம்ம ஊரு ரோடுதான, எவன் கேக்கப் போறான்'னாரு.

— அவரு சொன்னா நீ குடுத்துருவியா?

— குடுத்துட்டேன்.

— எங்களப் பாத்தானா அவன்? ஆரன்கூட அடிக்கல.

— பாத்தான்க்கா. எறக்கத்துல பிரேக்க அழுத்தியிருக்கான், புடிக்கல. அந்த வண்டிக்கு பிரேக்கு ரொம்ப நாளாவே சரியில்ல. நான் எத்தன தபா சொல்லியிருப்பேன்! 'கியர்ல ஓட்டுங்கடா'ம்பாரு. தெலுங்குல 'ஏமி காதுரா, போனிவ்வு'ம்பாரு. ஒண்ணும் ஆவாது, போவட்டும்னு. போதாததுக்கு அளவுக்கு மேல ரெண்டு கல்லு ஏத்தியிருந்துச்சு.

— பிரேக்கு நல்லாத்தான் புடிச்சுதுன்னு ஆர்.டி.ஓ. ஆபீஸ் இன்ஸ்பெக்டரு வந்து பாத்து எழுதிக் குடுத்திருக்காராமே? வக்கீலம்மா சொன்னாங்க.

— அவரு வந்து பாக்கறதுக்கு முந்தியே ஓனரு மெக்கானிக்க அனுப்பிட்டாரு. அவரு பாக்கறப்ப பிரேக்கு புதுசு.

— அத உள்ள வந்து சொல்றியா? இதே மாதிரி, இதே வார்த்தைல?

— சொன்னா யாரு ஓட்டுனா, யாரு தூங்குனா எல்லாமே வெளிய வருமேக்கா. ஓனருதான் ரோசன குடுத்தாரு. 'உனக்குத்தான் லைசென்ஸ் இருக்குது, நீ ஓட்டுனதாச் சொல்லிட்டா இன்சூரன்ஸ் கட்டிக்கும், உன் தம்பியும் ஜெயிலுக்குப் போவ மாட்டான்'னு. செரின்னுட்டேன். கொழந்தைல அவனத் தூக்கி வளத்ததே நான்தான்க்கா. எங்கம்மா அவனப் பெத்துப் போட்டுட்டு எஸ்டேட் வேலைக்குப் போயிரும்.

— உன் தம்பி ஓடிப் போவல, தெரியுமா உனக்கு?

— என்னக்கா?

— வண்டியெல்லாம் நிக்கிது. பஸ்சு நிக்கிது. ஒருத்தன் எறங்கல. எறங்குனவனும் போன எடுத்துப் படம் புடிக்கிறான். உன் தம்பி ஒருத்தன்தான் ரோட்டுல மண்டி போட்டு, எங்க வீட்டுக்காரரு தலையத் தூக்கி மடில வெச்சுக்கிட்டான். 'அண்ணா, கண்ணத் தொறங்கண்ணா'ன்னு அழுவறான். அவன் சட்டையக் கழட்டி என் கையக் கட்டுனான். ஆம்புலன்சு வந்தப்பறம் திரும்பிப் பாத்தேன், ஆளக் காணோம்.

— நான்தான் இழுத்துட்டுப் போயி, போடா, ஓடுடான்னு தொரத்துனேன்.

— அவனச் சபிக்கணும்னுதான் தெனமும் உக்காருவேன். எங்க வீட்டுக்காரரு புண்ணக் கழுவறப்ப வாய் வரைக்கும் வரும். அப்புறம் அவன் அழுத மொகம் வந்து குறுக்க நிக்கும். சபிக்கவும் வராது, செபிக்கவும் வராது.

— அக்கா, உங்க கால்ல விழறேன். உள்ள கேட்டா என்னையக் காட்டுங்க. எனக்கு என்ன தண்டன குடுத்தாலும் வாங்கிக்கறேன். உங்களுக்கும் அதான் நல்லது, எங்களுக்கும் அதான் நல்லது.

— எழுந்திரு. எனக்கு நல்லது எதுன்னு ஆளாளுக்கு வந்து சொல்றீங்க. நெசம் ஒண்ணுதான் எனக்குக் கெட்டதாப் போச்சு இன்னிக்கி.

— அருள்மேரியக்கா, கூப்பிட்டுட்டாங்க. வாங்க. மன்சூர், நீங்களும் உள்ள வரணும். அக்கா, அவரைப் பாக்காதீங்க. ஜட்ஜைப் பாத்துப் பேசுங்க.

*

— உக்காருங்கக்கா.

— முடிஞ்சுதா வக்கீலம்மா?

— உங்க சாட்சி முடிஞ்சுது. இனிமே அவங்ககிட்ட வேற ஆதாரம் இல்ல. லைசென்ஸ் உள்ள டிரைவர்தான் ஓட்டினார்னு ஆயிடுச்சு. கம்பெனி தப்பிக்க முடியாது.

— கடவுள் மேல ஆணையா உண்மையச் சொல்றேன்னு சொல்லச் சொன்னாங்க. சொன்னேன். அடுத்த வாய்ல 'இவருதான் எறங்கி வந்தாரு'ன்னுட்டேன்.

— அதையே நெனக்காதீங்க.

— அந்த வக்கீலு வுடலயேம்மா. நல்லாப் பாருங்க, நல்லாப் பாருங்கன்னு திருப்பித் திருப்பிக் கேட்டாரு. சொல்லச் சொல்ல, கடைசில எனக்கே அந்தத் தாடிக்காரன் மடிலதான் எங்க வீட்டுக்காரரு தல இருந்த மாதிரித் தெரிஞ்சுது. அந்தப் பையனோட மொகம் அழிஞ்சே போச்சு. பொய் அப்புடியும் செய்யுமா?

— வீட்டுக்குப் போயிக் கொஞ்சம் தூங்குங்க. தீர்ப்பு வந்ததும் ஆஸ்பத்திரி வேலையப் பாக்கலாம்.

— பிரேக்கு புடிக்காத லாரிய ஓட்டச் சொன்னாரே ஓனரு, அவருக்கு என்ன ஆவும்?

— டிரைவரோட கவனக்குறைவுன்னு தீர்ப்பு வரும். பிரேக் நல்லா இருந்துச்சுன்னு எழுத்துல இருக்கே. ஓனருக்கு ஒண்ணும் ஆகாது.

— அவ்ளோதானா?

— இந்தக் கேஸுல அவ்ளோதான்க்கா. எனக்கு அடுத்த கோர்ட்டுல ஒரு கேஸு இருக்கு. மத்திகிரி பஸ்ஸு வாசல்லயே நிக்கும். பாத்துப் போங்க.

— போறேம்மா. நீங்க போங்க.

— அக்கா…

— மறுபடியும் ஏன் வந்த மன்சூரு?

— கையெடுத்துக் கும்புடணும்னு வந்தேன். எங்க குடும்பத்தையே காப்பாத்திட்டீங்க.

— கும்புடாத. உங்க குடும்பத்துக்காகச் சொல்லல நான். எங்க வீட்டுக்காரரு முதுகுக்காகச் சொன்னேன்.

— எதுக்காகச் சொன்னாலும் சொன்னீங்களேக்கா.

— உன் தம்பி எப்புடி இருக்கான்?

— ஆரம்பத்துல சோறே எறங்கல. ஊட்ட வுட்டு வெளிய வரல. பள்ளிவாசலுக்குக்கூட போவல. ராத்திரில பிரேக்க அழுத்தற மாதிரி கால ஒதைச்சுக்கிட்டே கெடப்பான்.

— அவன ஒருநா எங்க ஊட்டுக்கு வரச் சொல்லு. திட்ட மாட்டேன். எங்க வீட்டுக்காரரும் திட்ட மாட்டாரு. வந்து பாத்துட்டு, ரெண்டு வார்த்த பேசிட்டுப் போவட்டும். அவன் மனசும் ஆறும். ஆனா இனிமே லாரிப்பக்கம் மட்டும் போவ வேணாம்னு சொல்லு. இந்தப் பொய்ய நான் சொன்னதுக்கு அது ஒண்ணாவது நடக்கட்டும். சிப்காட்ல எத்தனையோ கம்பெனி இருக்குது. எங்க வீட்டுக்காரரு கூட வேல செஞ்சவங்க இருக்காங்க, நானே சொல்லி வுடறேன்.

— கேஸு முடியற வரைக்கும் என் லைசென்ஸ முடக்கிட்டாங்கல்லக்கா.

— அதுக்கு?

— ஓனரு வண்டிய ஸ்டேஷன்ல இருந்து அப்பவே வெளிய எடுத்துட்டாரு. லோடு கெடக்குது, சும்மா நிறுத்த முடியாதுங்கறாரு. வேற டிரைவரு யாரும் அந்த வண்டியத் தொட மாட்டேங்குறாங்க.

— அதே லாரியா?

— அதேதான்.

— யாரு ஓட்டுறா? டேய் மன்சூரு, என்னப் பாத்துச் சொல்லு. யாரு ஓட்டுறா?

— காலைல அதுல என்னைய ஏத்திட்டு வந்து இந்தக் கோர்ட்டு வாசல்ல எறக்கி வுட்டுட்டுப் போனதே அவன்தான்க்கா.