லாக்லனைத் தள்ளிக்கொண்டு போனவன்

நின்றுகொண்டே வாக்குமூலம் கொடுக்கலாமா, மேடம்? பதினாலு வருடம் தொழிலாகக் கால்பந்து ஆடியவனின் முழங்கால் நாற்காலிக்கு அடங்காது. மழை விட்டிருந்தால் வெளியே நடந்தபடியே சொல்லியிருப்பேன்.

நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை. ஸ்காட்லாந்தின் ஃபைஃப் கடற்கரையில் இன்வர்லா அணியின் தடுப்பாட்டக்காரன். நானூறு ஆட்டத்துக்கு மேல் ஆடி, ஆறே கோல். ஜனங்கள் கூவியது லாக்லன் பெயரைத்தான். முன்வரிசையில் ஆடியவன், என்னைவிட ஒன்பது வயது இளையவன். ஒரு கார்னர் பந்துக்கு இருவரும் சேர்ந்து எழும்பினோம். என் தோளில் இடித்துத் தலைகீழாக விழுந்தான். இடுப்புக்குக் கீழே அசைவு போய்விட்டது. அது விபத்துதான். யாரும் சந்தேகப்பட்டதில்லை, நீங்களும் பட வேண்டாம்.

அடுத்த வருடம் ஓய்வு பெற்றேன். சனிக்கிழமை மூன்று மணியானால் உடம்பு தானாக விறைக்கும். போக இடமிருக்காது. சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருப்பேன். "கொஞ்சம் உக்காரேன், மர்டோ. பாக்கிற எனக்கே கால் வலிக்குது" என்பாள் என் மனைவி ஷோனா.

லாக்லனின் சிகிச்சைக்குப் பணம் திரட்ட ஓர் உதவி ஆட்டம் ஏற்பாடு செய்தேன். இடைவேளையில் அவனைச் சக்கர நாற்காலியில் மைதானத்துக்குள் தள்ளிக்கொண்டு போனேன். நாலாயிரம் பேர் எழுந்து நின்றார்கள். என் பெயரையும் சேர்த்துக் கூவினார்கள். அன்று வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். காய்ச்சலோ என்று ஷோனா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அப்படித் தொடங்கியதுதான் அறக்கட்டளை. அடிபட்ட ஆட்டக்காரர்கள் நாற்பத்தொரு பேருக்கு வீட்டு வாசலில் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் கட்டிக் கொடுத்தோம். சிலருக்கு வேலை வாங்கித் தந்தோம். அதற்கு நிதி திரட்ட மே மாதம்தோறும் கடற்கரைப் பாதையில் மூன்று நாள் நடை. லாக்லனை நான்தான் தள்ளுவேன். மேட்டில் எனக்கு மூச்சு வாங்கினால் விடமாட்டான். "என்ன கிழவா, ஆட்டத்துலயும் இப்படித்தான் பின்னாடியே நின்ன." கூட வருகிறவர்கள் எல்லாம் சிரிப்பார்கள்.

ஏழாவது வருடம் ஸ்வீடனின் கோதன்பர்க்கிலிருந்து அறக்கட்டளை முகவரிக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஹெட்மன் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர். லாக்லனின் முதுகுத்தண்டுப் படங்களை முன்பு நாங்களே பல ஊர்களுக்கு அனுப்பியிருந்தோம். அவற்றைப் பார்த்துவிட்டு எழுதியிருந்தார். புதிய சிகிச்சைக்கு லாக்லன் பொருத்தமானவன், ஊன்றுகோலோடு எழுந்து நிற்கலாம், சில அடி நடக்கவும் கூடும், செலவு எதுவும் கிடையாது. எட்டு மாதத்துக்குள் வந்துவிட வேண்டும்.

பிரித்தது நான். மூன்று முறை படித்தேன். பாவம், வீணாக ஆசைகாட்டக் கூடாது என்று தோன்றியது. அவன் பெயரில் பதில் எழுதினேன்: நன்றி, இருக்கிற வாழ்க்கையே எனக்குப் போதும். ஹெட்மன் விடவில்லை, இன்னும் இரண்டு கடிதம் எழுதினார். இரண்டுக்கும் அதே பதில்.

அந்த மே மாத நடையில் மழைக்கு ஒரு கடையில் ஒதுங்கி சூப் குடித்துக்கொண்டிருந்தோம். லாக்லன் கேட்டான். "மர்டோ, அந்தப் படமெல்லாம் அனுப்பினோமே, எவனாவது பதில் போட்டானா?"

"ஒருத்தனும் போடலடா."

"சரி, விடு" என்று கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அப்போது ஹெட்மன் வைத்த கெடு முடிய இன்னும் ஐந்து வாரம் பாக்கி இருந்தது.

அது முடிந்து நாலு வருடமாகிறது. போன மாதம் ஹெட்மன் ஏதோ மாநாட்டுக்கு எடின்பரோ வந்தவர், ஏன் மறுத்தாய் என்று நேரில் கேட்க லாக்லன் வீட்டுக்கே போயிருக்கிறார். மற்றது உங்களுக்குத் தெரியும்.

ஏன் செய்தேன் என்கிறீர்கள். அந்த நாற்பத்தொரு பேரை நினைத்துப் பாருங்கள். லாக்லன் எழுந்து நடக்கிறான் என்றால் மே மாதம் யார் வருவார்கள்? ஒருவன் நாலடி நடப்பதா, நாற்பத்தொரு பேர் தங்கள் வீட்டுக்குள் நுழைவதா என்று எடைபோட்டேன். அவன் நடந்துவிட்டால் நான் என்ன செய்வேன் என்பதையும் யோசித்தேன். அதை மறைக்கவில்லை. ஆமாம், எழுந்து நிற்கக்கூடும் என்று தெரிந்தேதான் அவனை உட்காரவைத்திருந்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

புகாரைக் காட்டினீர்கள். கீழே இருப்பது லாக்லனின் கையெழுத்துதான். எழுத்தெல்லாம் எப்படி நடுங்கியிருக்கிறது, பாருங்கள். நான் பக்கத்தில் இல்லாவிட்டால் அவன் இப்படித்தான் தடுமாறிப் போவான்.