ஒன்பதரைக் கிலோ

– கையில தூக்கினாலே போதும் ஐயா, இந்த ஈயக்கட்டி வழியா எத்தனை மியூவான் துகள் போயிருக்குன்னு சொல்லிடுவேன். முப்பத்தோரு வருஷத்துல முந்நூத்திப் பதினாறு கோடி!

– நீ ரிடையர் ஆனாலும் உன் புளுகு ஆகலையே, மேஸ்திரி.

– புளுகா? வானத்துலேருந்து ஒவ்வொண்ணும் உச்சந்தலையில விழறப்போ எனக்குக் கூசும். வீட்டுக்காரி குடை பிடிப்பா.

– போதும்யா. நாளைக்கு இந்தப் பிரிச்ச ஈயச் சுவரை உருக்கப் போறாங்க. பார்த்தாச்சுல்ல, கிளம்பு.

– எடை போட வந்தேன் ஐயா. வீட்டுக்காரிக்காக.

– அவ விஷயம் முடிஞ்சு போச்சே.

– உங்களுக்கு. இங்க மியூவான் எண்ணற வேலையில இருந்தப்போ, சுவருக்கு அடியில நடுக் கருவியில மட்டும் நூத்துக்கு நாலு அதிகமா வருதுன்னு எழுதினா. பொய்க் கணக்குன்னு வேலையை விட்டே அனுப்பினீங்க.

– எல்லாக் கருவிக்கு மேலயும் ஒரே கனம் ஈயம். அங்க மட்டும் எப்படிய்யா அதிகமா வரும்?

– இப்போ படுத்த படுக்கை. “நான் பார்த்துத்தான் எழுதினேன்”னு அதே பேச்சு. இந்தாங்க, ஓர வரிசைக் கட்டி. எவ்வளவு காட்டுது?

– பதினொண்ணேகால் கிலோ.

– இது நடுவரிசை.

– ஒன்பதரை.

– உள்ள பொள்ளல், வெறும் ஓட்டை! ஈயம் குறைஞ்ச இடத்துல மியூவான் அதிகமா இறங்கும். ஈயம் ஆற ஆறச் சுருங்கும். கூடவே நின்னு மேல மேல ஊத்தணும். அந்த வரிசையை வார்த்தவன் ஒரே ஊத்தா ஊத்திட்டு ஓடிட்டான்.

– யாரு அந்த மகானுபாவன்?

– நான்தான். கல்யாணமாகி நாலாம் நாள். அவ முகத்தைப் பார்க்க ஓடினேன்.

– அடப்பாவி.

– நேத்து சுவரைப் பிரிக்கறப்போ கைகொடுக்க வந்து ஒண்ணைத் தூக்கினேன். கை சொல்லிடுச்சு. வீட்டுல சொன்னா, “இன்னொரு புளுகா?”ன்னு சிரிக்கறா. நீங்க ஒரு வரி எழுதிக் குடுங்க ஐயா. அவ எழுதினது சரின்னு.

– தராசு பழசு மேஸ்திரி. இதை வச்சு எப்படி...

– அப்போ இன்னும் பத்து கட்டி தூக்கறேன். இடுப்பு போனா போகட்டும்.

– வேண்டாம். கையில இருக்கறதைத் திருப்பிப் பாரு.

– அடியில ஆணியால கீறியிருக்கு. ஒன்பதரை. ஐயா... இந்தக் கொக்கி போட்ட ஒன்பது, அவளை அனுப்பின கடுதாசியில இருந்த ஒன்பது மாதிரியே...

– என் எழுத்துதான். அவ போன மறுவாரமே எடை போட்டேன். அவ கணக்கைத் தள்ளிட்டு எழுதின என் கட்டுரை அச்சுக்குப் போயிருந்துச்சு, வாயை மூடிக்கிட்டேன். காகிதத்தைக் குடு, மேஸ்திரி. அவ எண்ணினது சரி.