பச்சைக் காருக்குத் தைத்த இரட்டை விரிப்பு

என்னைத் தையல் பாட்டி என்றால்தான் தெருவில் தெரியும். வயது அறுபத்தெட்டு. ஐந்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். என் பேத்தி நடத்தும் கார் ஒர்க்‌ஷாப்பின் மாடியில் குடியிருக்கிறேன். கீழே வரும் கார்களுக்கு சீட் உறையும் தரை விரிப்பும் தைப்பது என் வேலை.

இரண்டே சீட் உள்ள பழைய பச்சை ஸ்போர்ட்ஸ் காரின் சொந்தக்காரரான பல் டாக்டர், தன் காரின் அசல் கார்பரேட்டரை, அதாவது இன்ஜினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து விடும் சாமானை, என் பேத்தி எடுத்துக்கொண்டு மட்டமானதை மாட்டிவிட்டாள் என்று கொடுத்த புகார் சம்பந்தமாக இன்று இந்த போலீஸ் ஸ்டேஷனில் என்னை விசாரித்தீர்கள்.

போன வாரம் அந்தக் கார் சர்வீசுக்கு வந்தது. பேத்தி கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவி, அதையேதான் திரும்ப மாட்டி, ஓட்டியும் பார்த்தாள். அதன் பிறகுதான் நான் புது விரிப்பு போட்டேன். அதன் பிறகு டாக்டர் எடுத்துப் போய், மேட்டில் கார் இழுக்கவே இல்லை, சைக்கிள்காரன் முந்திக்கொண்டு போகிறான் என்று மறுநாளே வந்து சண்டை போட்டுவிட்டு, நேராக ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறார்.

இன்று காலை ஸ்டேஷன் வாசலில், உங்கள் முன்னிலையில் பேத்தி காரைச் சோதித்தாள். பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தாள், பெட்ரோல் குழாயை ஊதிப் பார்த்தாள், எல்லாம் சரியாக இருந்தது. அவள் அதுவரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எல்லாம் சரியென்றால் சாமான்தான் மாறியிருக்கிறது என்றார் டாக்டர். அதன் பிறகு பேத்தி இன்ஜினை நிறுத்தி, என்னை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லி, கார்பரேட்டர் வாய்க்குள் டார்ச் அடித்து, மிதிக்க மிதிக்க உள்ளே மூடி திறக்கிறதா என்று பார்த்தாள்.

"முழுசா மிதி பாட்டி, பாதிதான் திறக்குது."

"மிதிச்சாச்சுடி. இதுக்கு மேல தரைதான் இருக்கு."

அவள் வந்து என் காலடியைப் பார்த்தாள். விரிப்பைத் தூக்கினாள். என்னைத் திட்டவில்லை, சிரிப்பைத்தான் அடக்கிக்கொண்டாள்.

டாக்டர் கால் மெத்தென்று இருக்கட்டும் என்று, யாரும் சொல்லாமல் நானாகத்தான் உள்ளே பஞ்சை இரண்டு அடுக்கு வைத்துத் தைத்தேன். பெடல் அதில் முட்டிப் பாதியிலேயே நின்றிருக்கிறது. விரிப்பை எடுத்த பிறகு டாக்டரே காரை ஓட்டி மேடு ஏறி இறங்கி வந்து, பேத்தியிடம் "மன்னிச்சுக்கம்மா" என்று சொல்லி, புகாரைத் திரும்பப் பெற எழுதிக் கொடுத்தார்.

என் பேத்தி மேல் ஒரு தப்பும் இல்லை. இன்ஜின் விஷயத்தில் அவள் கை வைத்தால் வைத்ததுதான். தப்பு என்னுடையது. தையலில் குறை இல்லை, கனம்தான் கூடிவிட்டது, அப்படியே எழுதச் சொன்னேன். எடுத்த விரிப்பை டாக்டர் திருப்பித் தரவில்லை. பக்கத்து சீட்டில் வருகிறவர் காலுக்கு இருக்கட்டும் என்று போட்டுக்கொண்டார்.

இதை எழுதிய போலீஸ் அம்மா படித்துக் காட்ட வந்தார், வேண்டாம் என்று நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். நடந்ததற்கு மேல் ஒரு தையல்கூட இதில் ஓட்டவில்லை.

(கையொப்பம்)
தையல் பாட்டி