அரை இதழ் சாய்வு

உங்கள் தலைக்குப் பின்னால் மாட்டியிருக்கிற வரைபடம் இடது பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. வந்து உட்கார்ந்ததிலிருந்து கண்ணை உறுத்துகிறது. ஒற்றை ஆணியில் தொங்கவிட்டால் அப்படித்தான் ஆகும். தினமும் அதன் கீழேயே உட்கார்ந்து வேலை பார்க்கிறீர்கள், ஒரு நாளும் கண்ணில் படவில்லை, அப்படித்தானே? போகட்டும், உங்களை மட்டும் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது.

என்னை யாரும் பிடித்து வரவில்லை, நானாகத்தான் வந்தேன் என்று முதலில் எழுதச் சொல்லுங்கள். படகு பாறையில் மோதியதற்குத் தன் கவனக்குறைவுதான் காரணம் என்று என் தங்கையின் கணவர் மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறார். நீங்களும் அதை நம்பி அவரை உள்ளே உட்கார வைத்திருக்கிறீர்கள். அந்த மனிதருக்கு ஒரு காரியத்தைக் கெடுக்கக்கூட ஒழுங்காகத் தெரியாது. நான் செய்ததை அவர் பேரில் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு மனம் வரவில்லை.

படகுத்துறையில் தங்கை என்னிடம் என்ன பேசினாள் என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன். அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது இருக்கிறது.

நான் திசைப்பூ வரைகிறவன். கடல் வரைபடத்தில், தண்ணீர் மட்டுமே இருக்கிற வெற்றிடத்தில், முனை முனையாகப் பூப்போல விரிந்திருக்குமே, அதுதான். வட்டம் போட்டு, அதைப் பாதியாக்கி, பாதியைப் பாதியாக்கி, முப்பத்திரண்டு இதழ் வருகிறவரைக்கும் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு இதழிலும் ஒரு பாதிக்குக் கறுப்பு மசி, மறு பாதி வெறும் தாள். சுற்றி வரும்போது கறுப்பு எப்போதும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். கற்றுக்குட்டிகள் எங்கேயோ ஒரு இதழில் பக்கம் மாற்றிவிடுவார்கள். கடைசி இதழுக்கு வரும்போது இரண்டு கறுப்பும் ஒட்டிக்கொண்டு நிற்கும், அழிக்கவும் முடியாது. எனக்கு அப்படி ஒரு தடவைகூட நேர்ந்ததில்லை.

தங்கையின் கணவர் தீவுக்குப் பயணிகளை ஏற்றிப்போகிற படகுக்காரர். எனக்கு அவர் மாப்பிள்ளை, அவருக்கு நான் மச்சான். துறையில் யாரைப் பார்த்தாலும், "இவருதாங்க எங்க மச்சான், பூக்காரர். முழம் என்ன விலைன்னு கேட்டுப் பாருங்க" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவர்மேல் எனக்குக் கோபமெல்லாம் வந்ததில்லை, இளக்காரம்தான்.

அவர் படகுக்கென்று ஒரு வரைபடம் வரைந்து கொடுத்தேன். அந்தக் கடற்பகுதி முழுவதும், மூலையில் என் பூவோடு. ஒரு மழைக்காலம் பூராவும் அதற்கே போனது. கொடுத்த பிறகு ஒரு நாள் படகுக்குப் போனால், இன்ஜின் பக்கத்தில் என் வரைபடம் சுருட்டிக் கிடக்கிறது. புனலைக் காணவில்லையாம், அதைச் சுருட்டி எண்ணெய் ஊற்றியிருக்கிறார். பூவின் நட்டநடுவில் எண்ணெய்.

"நல்ல கெட்டித் தாளு மச்சான். ஒரு சொட்டு ஒழுகல பாருங்க" என்றார். பாராட்டுகிறாராம்.

குரங்கு கையில் பூமாலையைக் கொடுத்தது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். தங்கைதான் துணியை எடுத்துக்கொண்டு வந்து துடைத்தாள். துடைக்கத் துடைக்க மசி பரவியது. "விடுண்ணே, அவருக்கு இதெல்லாம் எங்க தெரியுது" என்று சொல்லிவிட்டு அவளும் லேசாகச் சிரித்தாள். அதை நான் மறக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அவரே வந்து நின்றார். படகில் இருந்த திசைகாட்டி பழைய காலத்து ஆள். கண்ணாடிக்குள் ஒரு வட்ட அட்டை மிதந்தாற்போல் சுழலும், காந்த ஊசி அட்டைக்கு அடியில் ஒட்டியிருக்கும். அட்டையில் இருந்த எழுத்தெல்லாம் வெயிலில் வெளுத்துப்போயிருந்தது.

"மச்சான், இதுல உங்க பூ ஒண்ணு போட்டுக் குடுங்க. ஏறுறவன் பார்த்ததும் அசந்துடணும்."

போட்டுக் கொடுத்தேன். என் வாழ்நாளில் அதைவிட நன்றாக ஒரு பூ வரைந்ததில்லை. வட முனைக்கு மட்டும் பொன் மசி. எத்தனை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் அதில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. பிறகு ஊசியைப் பழையபடி அதன் இடத்தில் வைத்து அதன்மேல் அட்டையை ஒட்டினேன். ஒட்டும்போது வட முனை ஊசிக்கு நேராக நிற்காதபடி, அரை இதழ் அளவுக்குத் திருப்பி ஒட்டினேன்.

என்ன நினைத்துச் செய்தாய் என்று கேட்பீர்கள். ஒரு சோதனை என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் துறை நேர் மேற்கே பார்த்துக் கட்டியது. கட்டிப்போட்டிருக்கும் படகின் மூக்கும் நேர் மேற்கே நிற்கும். அப்போது அட்டையைப் பார்த்தால், மேற்கு இதழ், படகின் மூக்கு பார்க்கும் திசையைக் காட்டுகிற குறிக்கோட்டிலிருந்து விலகி நிற்பது கண் இருக்கிறவனுக்குத் தெரியும். தினமும் கண் முன்னால் வைத்தேன், மறைக்கவில்லை. மாப்பிள்ளை அந்தப் பூவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். ஏறியவர்கள் எல்லாம் குனிந்து பார்த்து "ஆகா" என்றார்கள். ஒருத்தருக்கும் தெரியவில்லை. வானம் தெளிவாக இருந்த நாட்களில் அவர் தீவின் விளக்குக்கம்பத்தைப் பார்த்தே ஓட்டினார், அதனால் ஒன்றும் ஆகவில்லை. திசைகாட்டியை நம்பி ஓட்ட ஒரு மூடுபனி வேண்டியிருந்தது. மூடுபனியை நான் வரவழைக்கவில்லை.

அந்தக் காலையில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனி. "இன்னிக்கு வேணாங்க" என்று தங்கை சொன்னது என் காதில் விழுந்தது. "என்ன பயம்? மச்சான் போட்ட பூ இருக்குல்ல, கண்ணை மூடிக்கிட்டே போயிடலாம்" என்றார் அவர். தனியாக விட மனமில்லாமல் அவளும் கிளம்பினாள். வழியனுப்ப நான் கரையில் நின்றேன். வழக்கமான பாதைக்கு வடக்கே, அந்த அட்டையை நம்பினால் படகு ஒதுங்குகிற பக்கத்தில், பாறைத்திட்டு இருப்பது எனக்குத் தெரியும், என் கையால் வரைந்த இடம் அல்லவா.

பயணிகள் எத்தனை பேர் மூழ்கிப்போனார்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு விரோதமும் இல்லை. முகம்கூடத் தெரியாது. மாப்பிள்ளை மட்டும் நீந்திக் கரையேறிவிட்டார். அதிலும் பாருங்கள், பிழைக்கத் தெரிந்த ஆள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

யாரும் பார்க்கவில்லை என்று சொன்னேன் அல்லவா? அதைத் திருத்திக்கொள்ளுங்கள். தங்கை பார்த்தாள். சின்ன வயதில் நான் வட்டம் போடும்போது தாள் நகராமல் விரலால் அழுத்திப் பிடித்தவள் அவள், அந்தக் கண் அவளுக்கு உண்டு. படகில் ஏறியவள் திசைகாட்டியின்மேல் குனிந்தாள். படகின் மூக்கைப் பார்த்தாள், மறுபடி அட்டையைப் பார்த்தாள். பிறகு இறங்கி என்னிடம் வந்து, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காமல் மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணே, படகு மேக்க பாத்துத்தானே நிக்குது? மேக்கு இதழ் தள்ளி நிக்கற மாதிரி தெரியுதே. பூ சரியாத்தான் இருக்கா?"

ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பது எனக்குத் தெரியும். சொன்னால் அட்டையைப் பிய்த்து எடுப்பார்கள். அத்தனை பேர் முன்னால், மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரிக்க, பூக்காரன் தப்புப் பண்ணிட்டான் என்று துறை முழுவதும் பேசும்.

"நான் போட்ட பூவுலயா தப்புத் தேடுற?" என்றேன்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. "ஐயோ, இல்லண்ணே. எனக்கென்ன தெரியும், சும்மா கேட்டேன்" என்றாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு திரும்பிப் போய் ஏறினாள். பனிக்குள் போகிறவரைக்கும் கை காட்டினாள், நானும் காட்டினேன்.

இதையும் அப்படியே எழுதச் சொல்லுங்கள். படகை மூழ்கடித்தது நான்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் தங்கையிடம் நான் பொய் சொன்னேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவள் பூவைப் பற்றித்தான் கேட்டாள். பூ சரியாகத்தான் இருந்தது.